பிழையின் வடிவம்: இருபரிமாணக் காஸியன் பரப்பைத் தரவோடு பொருத்தும் முறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒளிப்படத்தில் பதிந்த விண்மீனின் மையம் எங்குள்ளது, ஒரு புரத மூலக்கூறு எத்தனை நானோமீட்டர் நகர்ந்தது என்னும் வினாக்களுக்கு இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் விடை காண்கின்றனர். அளவிட்ட தரவின்மீது மணி வடிவிலான இருபரிமாணக் காஸியன் பரப்பொன்றை மென்பொருளால் பொருத்தி, அப்பரப்பின் மையத்தையும் அகலத்தையும் விடையாகக் கொள்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இப்பரப்பு கடந்து வந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. பிழைகளின் விதியாகத் தோன்றியது, பின்னர் மனிதப் பண்புகளின் பரவலாகவும், அதன்பின் ஒளிப்புள்ளியின் வடிவமாகவும் பொருள் மாறியது. பொருள் மாறியும் கணக்கு மாறவில்லை. ஆகவே, மென்பொருள் தரும் எண்ணும் அதன் பிழையளவும் எந்தப் பொருளில் கொள்ளப்பட்டன என்பதை ஆய்வாளரே எச்சங்களைக் கொண்டு நிறுவ வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

குறிச்சொற்கள்: காஸியன் பரப்பு, மீச்சிறு வர்க்க முறை, எச்சம், ஒட்டுறவு, கால்டன், லெவன்பெர்க்–மார்க்வர்ட் படிமுறை, அறிவியல் வரலாறு.

1. முன்னுரை

அறிவியல் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கண்டுபிடிப்புகளுக்குத் துணைநின்ற கணக்கீட்டுக் கருவிகள் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடுகின்றன. தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் வரலாறு இருப்பதுபோல், தரவைப் பொருத்தும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாதவருக்கு, பொருத்துதல் என்பது மென்பொருளின் ஒரு கட்டளையாக மட்டுமே தோன்றும். அக்கட்டளைக்குப் பின்னே ஏற்றுக்கொள்ளப்பட்ட கருதுகோள்கள் கண்ணுக்குத் தெரியா.

இவ்வகையில் இருபரிமாணக் காஸியன் பரப்பு தனிக் கவனத்துக்குரியது. வானொலி வானியல், ஒளியியல், உயிரியற்பியல், புள்ளியியல் எனப் பல துறைகள் இதனைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு துறையும் அதற்கு வெவ்வேறு பொருள் தருகிறது. அப்பொருள்கள் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைக் காலவரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. பரப்பின் இயல்பு

ஒரு தளத்தின்மேல் எழுந்து நிற்கும் மணி வடிவக் குன்றாக இப்பரப்பைக் கருதலாம். உச்சியிலிருந்து விலகும்தோறும் உயரம் அடுக்குக்குறி சார்பின்படி குறைகிறது. அடுக்கிலுள்ள கோவை இருபடிக் கோவையாதலால், சம உயரக் கோடுகள் யாவும் ஒரே மையமும் ஒரே சாய்வும் கொண்ட நீள்வட்டங்களாக அமைகின்றன. நடைமுறையில் இதனை ஏழு பண்பளவைகளால் குறிப்பர். அவை, உச்சியின் உயரம், மையத்தின் இரு ஆயத்தொலைகள், இரு அச்சுகளின்வழி அகலங்கள், அச்சுகளின் சாய்வுக் கோணம், பின்னணி அளவு என்பன. அகலத்தைத் திட்ட விலக்கத்தால் குறிப்பதுண்டு. வானியலாளர் பாதி உயரத்தில் அமையும் முழு அகலத்தால் குறிப்பர். இது திட்ட விலக்கத்தைப்போல் ஏறத்தாழ 2.355 மடங்காகும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே வரையறுப்பது தேவை. புள்ளியியலில் இப்பரப்பு நிகழ்தகவு அடர்த்தியைக் குறிக்கிறது. அதன்கீழ் அடங்கும் மொத்தக் கன அளவு 1. படிமப் பகுப்பாய்விலோ அது ஒளியின் செறிவைக் குறிக்கிறது. அதன் கன அளவு அப்பொருளிலிருந்து வந்த மொத்த ஒளியாகும். முன்னது நிகழ்வுகள் சிதறும் முறையைப் பற்றிய கூற்று. பின்னது ஒரு பொருளின் படிமம் எத்தகைய வடிவுடையது என்பதைப் பற்றிய கூற்று. இவ்விரண்டும் எவ்வாறு ஒரே கணக்கில் வந்து சேர்ந்தன என்பதே வரலாற்று வினா.

3. வானியலில் தோன்றிய விதி

1801 ஜனவரி 1 அன்று பலெர்மோ நகரில் கியூசெப்பே பியாட்சி சீரிஸ் என்னும் சிறுகோளைக் கண்டார். பிப்ரவரி 11 வரை அதனைக் கவனித்துக் குறித்தார். பின்னர் அது சூரிய ஒளியில் மறைந்தது. மீண்டும் எங்கே தோன்றும் என்பதைச் சில வாரக் குறிப்புகளிலிருந்து கணிக்க வேண்டியிருந்தது. அப்போது 24 வயதினராயிருந்த கார்ல் ஃபிரெடெரிக் காஸ் அதன் பாதையைக் கணித்தார். அவ்வாண்டின் இறுதியில், அவர் சுட்டிய இடத்துக்கு அருகில் சீரிஸ் மீண்டும் கண்டறியப்பட்டது.

பல நோக்கீடுகள் ஒன்றோடொன்று முரண்படும்போது அவற்றுக்கு மிகப் பொருந்தும் விடையை எவ்வாறு தேர்வது என்னும் வினா அக்கால வானியலின் மையச் சிக்கலாக இருந்தது. 1805இல் அத்ரியன் மரீ லெஜாந்தர் வால்வெள்ளிகளின் பாதை பற்றிய நூலின் பின்னிணைப்பில் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டார். கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையிலான வேறுபாடுகளாகிய எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகச் சிறியதாகும்படி விடையைத் தேர்வதே அம்முறை. 1809இல் வான்பொருள்களின் இயக்கம் பற்றித் தாம் வெளியிட்ட இலத்தீன் நூலில், இம்முறையைத் தாம் 1795 முதலே பயன்படுத்திவருவதாகக் காஸ் எழுதினார். இதனால் லெஜாந்தர் மனங்கசந்தார். முதன்மை யாருக்கு என்னும் பூசல் எழுந்தது.

முதன்மைப் பூசலைக் காட்டிலும் காஸ் முன்வைத்த தருக்கம் இங்கு முக்கியமானது. ஒரே அளவைப் பலமுறை அளந்தால் கூட்டுச் சராசரியே மிகவும் நம்பத்தக்கது என்பதை அவர் எடுகோளாகக் கொண்டார். அவ்வெடுகோள் உண்மையாயின் பிழைகள் எந்த விதியைப் பின்பற்ற வேண்டும் என்று வினவினார். அவ்வினாவுக்கு விடையாகக் கிடைத்ததே இன்று அவர் பெயரால் வழங்கும் மணி வடிவ வளைவரை. அதாவது, பிழைகளை அளந்து அவ்வடிவம் பெறப்படவில்லை. சராசரி எடுக்கும் வழக்கத்தை நியாயப்படுத்தத் தேவைப்பட்ட வடிவமாக அது வந்தது. 1810இல் பியர் சிமோன் லாப்லாஸ், பல சிறு பிழைகளின் கூட்டுத்தொகை இவ்வடிவத்தை நெருங்கும் என்று காட்டியபோது அதற்கு வேறொரு வலுவான அடிப்படை கிடைத்தது. காஸ் தாமும் 1821 முதல் வெளியிட்ட ஆய்வுரைகளில், பிழைகள் குறிப்பிட்ட விதியைப் பின்பற்ற வேண்டும் என்னும் நிபந்தனையின்றியே மீச்சிறு வர்க்க முறைக்கு நியாயம் கற்பித்தார். விதியை வகுத்தவரே அவ்விதியின்மீது முழுதும் சாராதிருக்க முயன்றார் என்பது, பின்வந்த பயன்பாடுகளை எடைபோட நமக்கு ஓர் அளவுகோலாகிறது.

4. கோட்டிலிருந்து தளத்துக்கு

ஒரு கோட்டின்மேல் நிகழும் பிழையிலிருந்து ஒரு தளத்தின்மேல் நிகழும் பிழைக்குச் சென்றவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள்.

முதலாமவர் ஓகுஸ்த் பிராவே. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாயிருந்து, பின்னர்ப் படிகங்களின் 14 அணிக்கோவைகளை வகுத்தவர். ஒரு புள்ளியின் இருப்பிடத்தைக் கணிப்பதில் நேரும் பிழைகளைப் பற்றிய அவரது ஆய்வுரை 1846இல் அச்சானது. நேரடியாக அளக்கப்படும் அளவுகளிலுள்ள பிழைகள் ஒன்றையொன்று சாராதவை. ஆயினும் அவற்றிலிருந்து கணிக்கப்படும் இரு ஆயத்தொலைகளின் பிழைகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் என்று அவர் கண்டார். இருபடிக் கோவையில் இரு மாறிகளும் பெருகி வரும் குறுக்கு உறுப்பு இவ்வாறு தோன்றியது. சாய்ந்த நீள்வட்டத்தின் கணிதம் இங்கேயே முழுமை பெற்றுவிட்டது எனலாம்.

இரண்டாமவர் ஜான் ஹெர்ஷல். குறி ஒன்றின்மேல் விழுமாறு உயரத்திலிருந்து பந்தொன்றைப் போடுவதாக அவர் 1850இல் எழுதிய கட்டுரையில் கற்பனை செய்தார். செங்குத்தான இரு திசைகளிலும் நேரும் விலகல்கள் ஒன்றையொன்று சாரா. விலகலின் வாய்ப்பு தொலைவை மட்டுமே பொறுத்தது, திசையைப் பொறுத்ததன்று. இவ்விரு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் வடிவம் வட்டக் காஸியன் பரப்பு ஒன்றே. 1860இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் வளிம மூலக்கூறுகளின் திசைவேகங்களுக்கு இதனையொத்த தருக்கத்தையே முப்பரிமாணத்தில் கையாண்டார். ஆயினும் ஹெர்ஷல் எழுதிய அதே ஆண்டிலேயே ராபர்ட் லெஸ்லி எல்லிஸ் அதனை மறுத்தார். இரு திசைப் பிழைகளும் ஒன்றையொன்று சாரா என்பது நிறுவப்படாத எடுகோள் என்பது அவரது மறுப்பு. அழகிய வடிவம் எடுகோளின் விளைவா, இயற்கையின் விளைவா என்னும் வினா இவ்வாறு தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

5. கால்டனின் நீள்வட்டங்கள்

மேற்கண்டோர் அனைவரும் பரப்பைத் தருக்கத்திலிருந்து பெற்றவர்கள். அளவிட்ட தரவிலிருந்து அதனைக் கண்டவர் ஃபிரான்சிஸ் கால்டன். 205 குடும்பங்களைச் சேர்ந்த வயதுவந்த 928 மக்களின் உயரங்களையும் அவர்களுடைய பெற்றோரின் உயரங்களையும் அவர் அட்டவணைப்படுத்தினார். பெண்களின் உயரங்களை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்துக்கு ஒப்பாக்கினார். அடுத்தடுத்த நான்கு கட்டங்களின் எண்ணிக்கைகளை ஒன்றுசேர்த்து அட்டவணையைச் சமன்படுத்தினார். பின்னர்ச் சம மதிப்புடைய இடங்களைக் கோட்டால் இணைத்தபோது ஒரே மையமுடைய நீள்வட்டங்கள் தோன்றின. மக்கள் தம் பெற்றோரின் விலகலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மட்டுமே விலகுகின்றனர் என்னும் தொடர்புப் போக்கும் இதனால் புலப்பட்டது.

நீள்வட்டங்களின் கணிதத்தைக் கால்டன் தாமே வருவிக்கவில்லை. மரபுவழி பற்றிய குறிப்பனைத்தையும் நீக்கிச் சிக்கலைப் பொதுவடிவில் எழுதி, கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸ் கல்லூரியைச் சேர்ந்த ஹாமில்டன் டிக்சனிடம் கொடுத்தார். டிக்சன் வருவித்த நீள்வட்டங்கள் கால்டன் கையால் வரைந்தவற்றோடு நெருக்கமாக ஒத்திருந்தன. 1886இல் வெளிவந்த கட்டுரையில் டிக்சனின் கணக்கு பின்னிணைப்பாக இடம்பெற்றது. அளவிட்ட தரவின்மீது இருபரிமாணக் காஸியன் பரப்பைப் பொருத்திப் பார்த்த தொடக்க முயற்சிகளுள் இதுவே முதன்மையானது.

இங்கு இரண்டு செய்திகளை நோக்க வேண்டும். ஒன்று, நீள்வட்டங்கள் தெரிவதற்கு முன்பே தரவு பண்படுத்தப்பட்டிருந்தது. பெருக்கலும் சமன்படுத்தலும் வடிவத்தைத் தெளிவாக்கின. மற்றொன்று, பரப்பின் பொருள் மாறிவிட்டது. காஸுக்கும் பிராவேக்கும் உண்மை மதிப்பு ஒன்றே. சிதறல் என்பது பிழை. கால்டனுக்கோ சிதறலே உண்மை. ஒவ்வொரு மனிதரும் உண்மையான உயரமுடையவர். அவருள் எவரும் மற்றவரின் பிழையல்லர். ஆயினும் விலகல் என்னும் சொல்லோடு விலகல் குறை என்னும் பழைய மணமும் ஒட்டிக்கொண்டு வந்தது. 1883இல் இனமேம்பாட்டியலுக்குப் பெயரிட்டவரும் கால்டனே என்பதை இங்கு மறத்தலாகாது. பிழைக்காக வகுத்த வடிவத்தை மனிதர்மீது ஏற்றியபோது, மையத்தில் உள்ளோர், ஓரத்தில் உள்ளோர் என்னும் தரவரிசைக்கும் அவ்வடிவம் இடமளித்தது.

கார்ல் பியர்சன் 1896இல் ஒட்டுறவுக் கெழுவின் சமன்பாட்டை வகுத்தபோது அதன் அடிப்படைத் தேற்றங்களைப் பிராவேக்கு உரியனவாகக் கூறினார். 1920இல் எழுதிய வரலாற்றுக் குறிப்பில் அக்கூற்றைத் திரும்பப் பெற்றார். பிராவேயிடம் குறுக்கு உறுப்பு இருந்தது, ஆனால் ஒட்டுறவு என்னும் கருத்து இல்லை என்பது அவரது திருத்தம். ஒரே சமன்பாட்டை எழுதிய இருவர் ஒரே பொருளைக் கூறவில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றில் இந்தியப் பங்களிப்பு ஒன்றும் உண்டு. கொல்கத்தாவில் பணியாற்றிய பி. சி. மகலனோபிஸ், ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளை ஆராயத் தொடங்கி, 1936இல் பொதுமைப்படுத்திய தொலைவு என்னும் அளவை வெளியிட்டார். காஸியன் பரப்பின் அடுக்கில் வருவது இத்தொலைவின் வர்க்கத்தில் பாதி, எதிர்க்குறியுடன். ஆகவே சம உயர நீள்வட்டம் ஒவ்வொன்றும் மையத்திலிருந்து சம மகலனோபிஸ் தொலைவிலுள்ள புள்ளிகளின் தொகுதியாகிறது.

6. கையிலிருந்து கணினிக்கு

காஸியன் பரப்பைத் தரவோடு பொருத்துவதில் ஒரு கணக்கீட்டுச் சிக்கல் உண்டு. மையமும் அகலமும் அடுக்குக்குறியின் உள்ளே இருப்பதால் மீச்சிறு வர்க்கச் சமன்பாடுகள் நேரியலாக அமைவதில்லை. இதனைத் தவிர்க்க ஓர் எளிய வழி உள்ளது. பின்னணி இல்லையெனில், தரவின் மடக்கையை எடுத்தால் பரப்பு ஆறு கெழுக்களைக் கொண்ட இருபடிக் கோவையாகிவிடும். அதனை ஒரே படியில் தீர்க்கலாம். ஆயின் மடக்கை, சிறிய மதிப்புகளிலுள்ள இரைச்சலைப் பெரிதாக்குகிறது. குன்றின் உச்சியைவிட அடிவாரத்துப் புள்ளிகள் விடையை மிகுதியாக இழுக்கின்றன. எடையிட்டு இதனை ஓரளவு சரிசெய்யலாம். பின்னணி இருப்பின் இவ்வழி அடிப்படையிலேயே தளர்கிறது.

மற்றொரு வழி, தோராய விடையொன்றில் தொடங்கிப் படிப்படியாகத் திருத்துவது. ஒவ்வொரு படியிலும் வளைந்த சார்பை நேரியலாகக் கருதித் தீர்க்கும் இம்முறை காஸ்–நியூட்டன் முறை எனப்படுகிறது. தொடக்க மதிப்பு நெடுந்தொலைவில் இருந்தால் இம்முறை தடம் புரளும். 1944இல் கென்னத் லெவன்பெர்க் ஒவ்வொரு படியின் நீளத்தையும் கட்டுப்படுத்தும் வழியை வெளியிட்டார். அவர் பணியாற்றியது பிலடெல்பியாவிலிருந்த பிராங்க்ஃபோர்டு படைக்கலச் சாலையில். 1963இல் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு மார்க்வர்ட் இக்கருத்தை வளர்த்துக் கணினிக்கு ஏற்ற படிமுறையாக்கினார். தொலைவில் இருக்கும்போது மிகச் சரிவான திசையில் சிறு அடி வைத்தலும், அருகில் வந்தபின் காஸ்–நியூட்டன் முறைக்கு மாறுதலும் இதன் சாரம்.

1980இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் மோரே, கார்போ, ஹில்ஸ்ட்ரோம் ஆகியோர் மின்பேக் என்னும் ஃபோர்ட்ரான் நிரல்தொகுதியை வெளியிட்டனர். 2001இல் தோன்றிய சைப்பை என்னும் பைத்தான் நூலகம் வளைவரை பொருத்துவதற்கு நெடுங்காலம் அழைத்துவந்தது இந்நிரல்களையே. இவ்வாறு கால்டன் கையால் செய்த பணி சில வரி நிரலாகச் சுருங்கியது. உழைப்பு குறைந்ததோடு, இடைப்பட்ட ஒவ்வொரு படியிலும் தரவைக் கண்ணால் பார்க்க வேண்டிய கட்டாயமும் மறைந்தது.

7. விண்மீனின் படிமம்

விண்மீன் தொலைநோக்கியில் கணிதப் புள்ளியாகத் தோன்றுவதில்லை. வட்டத் துளையின்வழி வரும் ஒளி, நடுவட்டும் அதனைச் சூழ்ந்த வளையங்களுமாக விரியும் என்று 1835இல் ஜார்ஜ் ஏரி கணித்தார். தரையிலிருந்து நோக்கும்போது வளிமண்டலக் கொந்தளிப்பு அப்படிமத்தை மேலும் பரப்புகிறது. நடுப்பகுதி காஸியன் பரப்பை ஒத்திருக்கும். விளிம்பு ஒத்திராது. காஸியன் விளிம்பில் மிக விரைவாகச் சுழியை நெருங்குகிறது. விண்மீனின் ஒளியோ நெடுந்தொலைவு பரவி நிற்கிறது. இதனால் 1969இல் ஆந்தனி மோஃபாட் மெதுவாகக் குறையும் விளிம்புடைய வேறொரு சார்பை முன்மொழிந்தார்.

கனடாவின் டொமினியன் வானியற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்டெட்சன், விண்மீன்கள் நெருங்கிய படிமங்களை அளக்க உருவாக்கிய டாவோஃபாட் நிரலை 1987இல் விளக்கினார். அவர் காஸியனைக் கைவிடவும் இல்லை. முழுதும் நம்பவும் இல்லை. ஒளிமிக்க விண்மீன்களோடு காஸியன் பரப்பைப் பொருத்தி, எஞ்சிய வேறுபாடுகளை ஓர் அட்டவணையாகச் சேமித்து, இரண்டின் கூட்டையே படிமத்தின் மாதிரியாகக் கொண்டார். எச்சம் என்பது தள்ளத்தக்க மிச்சம் அன்று, கருவியைப் பற்றிய அறிவு என்னும் புரிதல் இந்நிரலின் கட்டமைப்பிலேயே அமைந்தது.

வானொலி வானியலில் நிலைமை இன்னும் நுட்பமானது. 1974இல் ஹோக்போம் வகுத்த தூய்மைப்படுத்தும் முறையில், கண்டறிந்த புள்ளிகளை ஒரு காஸியன் கற்றையால் மீண்டும் பரப்பியே இறுதிப் படிமம் ஆக்கப்படுகிறது. எனவே புள்ளிநிலை வானொலி மூலம் காஸியனாகத் தோன்றுவதற்குக் காரணம் ஆய்வாளரே அவ்வடிவத்தை அங்கு வைத்தமையாகும். இத்தகைய படிமங்களின்மீது நீள்வட்டக் காஸியன்களைப் பொருத்தியே, மிகப்பெரும் அணி என்னும் அமெரிக்கத் தொலைநோக்கியின் 1.4 கிகாஹெர்ட்ஸ் அளவாய்வில் ஏறத்தாழ 18 இலட்சம் மூலங்கள் பட்டியலிடப்பட்டு 1998இல் வெளியாயின. அப்பணியை நடத்திய ஜேம்ஸ் காண்டன் 1997இல் தனிக்கட்டுரை ஒன்றில் அப்பொருத்தங்களின் பிழைகளை ஆராய்ந்தார். அருகருகே உள்ள பிக்சல்களின் இரைச்சல் ஒன்றையொன்று சார்ந்தது. ஆகவே பிக்சல்களின் எண்ணிக்கை சுதந்திரமான அளவீடுகளின் எண்ணிக்கையாகாது. இதனைக் கருதாத நிரல் பிழையைத் தவறாகவே மதிப்பிடும்.

8. ஒற்றை மூலக்கூறின் இருப்பிடம்

ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் குறைந்த இடைவெளியை ஒளி நுண்ணோக்கியால் பிரித்தறிய இயலாது என்பது எர்ன்ஸ்ட் அபே 1873இல் வகுத்த எல்லை. ஆயின் இரு பொருள்களைப் பிரித்தறிதல் வேறு, தனித்து நிற்கும் ஒரு பொருளின் மையத்தைக் கணித்தல் வேறு. படிமம் அகன்றிருந்தாலும், போதிய ஃபோட்டான்கள் கிடைத்தால் அதன் மையத்தை அகலத்தைக் காட்டிலும் மிக நுட்பமாகக் காணலாம். தாம்சன், லார்சன், வெப் ஆகியோர் 2002இல் இதற்கான சமன்பாட்டை வெளியிட்டனர். அதன் முதன்மை உறுப்பின்படி, திட்ட விலக்கத்தை ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இருப்பிடத்தின் பிழை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, திட்ட விலக்கம் 125 நானோமீட்டர், ஃபோட்டான்கள் 10,000 எனின், பிழை 1.25 நானோமீட்டர்.

இக்கணக்கின்மேல் ஓர் உயிரியல் வழக்கே தீர்க்கப்பட்டது. மையோசின் 5 என்னும் இயக்கப் புரதம் இழைமேல் 37 நானோமீட்டர் அடிகளாகச் செல்கிறது. அதன் இரு தலைகளும் மனிதர் நடப்பதுபோல் ஒன்றையொன்று கடந்து செல்கின்றனவா, அல்லது ஒரு தலை எப்போதும் முன்னேயிருக்கப் புழுவைப்போல் நகர்கின்றனவா என்பது வினா. முதலாவது எனின், ஒரு தலையில் இட்ட ஒளிரும் குறி 74 நானோமீட்டரும் சுழியுமாக மாறிமாறி நகர வேண்டும். இரண்டாவது எனின், ஒவ்வொரு முறையும் 37 நகர வேண்டும். 2003இல் அஹ்மத் இல்திஸ், பால் செல்வின் முதலியோர் ஒற்றைச் சாய மூலக்கூறின் படிமங்களில் இருபரிமாணக் காஸியனைப் பொருத்தி, 1.5 நானோமீட்டர் நுட்பத்தில் அதன் இயக்கத்தைப் பின்தொடர்ந்தனர். 74 நானோமீட்டர் அடிகளும், குறி வேறிடத்தில் அமைந்த மூலக்கூறுகளில் 52, 23 என மாறிவரும் அடிகளும் தென்பட்டன. நடத்தல் என்னும் விடை உறுதியாயிற்று. 2006இல் எரிக் பெட்சிக் முதலியோர் இதே அடிப்படையில், மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக ஒளிரச்செய்து மையங்களைத் தொகுத்து முழுப் படிமம் ஆக்கினர். பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோர்க்கு 2014ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வெற்றிக்குப் பின்னும் திருத்தம் தொடர்ந்தது. 2010இல் மோர்டென்சென் முதலியோர், எடையிடாத மீச்சிறு வர்க்கப் பொருத்தத்தில் பின்னணி மிகக் குறைவாயினும் பரவற்படி அவ்வெளிய மதிப்பைப்போல் 16/9 மடங்காகும் என்று காட்டினர். ஃபோட்டான்களின் எண்ணிக்கை பாய்சான் விதியைப் பின்பற்றுவதால், ஒளிமிக்க பிக்சலில் இரைச்சலும் மிகுதி. எல்லாப் பிக்சல்களையும் சமமாக மதிக்கும் முறை இதனைக் கருதுவதில்லை. கிடைத்த தரவு தோன்றுவதற்கான வாய்ப்பு எந்த மதிப்புகளில் மிகப் பெரியதோ அவற்றைத் தேரும் மீப்பெரு வாய்ப்பு மதிப்பீடு இக்குறையை நீக்குகிறது. மேலும், சாய மூலக்கூறு ஒரே திசையில் நிலைத்து நின்றால் அதன் ஒளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாது. அப்போது படிமம் சமச்சீர் இழக்கிறது. காஸியனின் மையம் மூலக்கூறின் இடத்திலிருந்து விலகுகிறது. ஃபோட்டான்களைப் பெருக்கினாலும் இவ்விலகல் குறையாது. இது சிதறல் அன்று, மாதிரியின் பிழை.

9. மென்பொருள் கூறாதவை

மேற்கண்ட வரலாறு இன்றைய நடைமுறையில் நான்கு இடங்களில் நேரடியாகத் தொடுகிறது.

முதலாவது, பிழையளவு. சைப்பையின் வளைவரை பொருத்தும் சார்பு, பயனர் வேறு கட்டளை தராதவரை, எச்சங்களின் அளவைக்கொண்டே பிழையளவைத் திருத்திக்கொள்கிறது. மாதிரி சரியானது, எஞ்சியதெல்லாம் இரைச்சல் என்னும் எடுகோள் இதனுள் அடங்கியுள்ளது. தவறான மாதிரியைத் தந்தால் பிழையளவு சற்றுப் பெருகுமேயன்றி எச்சரிக்கை வாராது.

இரண்டாவது, தொடக்க மதிப்பு. தொடக்க மையம் குன்றிலிருந்து விலகியிருந்தால் அங்குப் பரப்பு ஏறத்தாழத் தட்டையாக இருக்கும். எத்திசையில் நகர்வது என்பதைப் படிமுறை அறியாது நின்றுவிடும். படிமத்தின் உச்சப் புள்ளியையும் ஒளிச்செறிவின் எடையிட்ட சராசரியையும் கொண்டு தொடங்குவது இதனைத் தவிர்க்கும்.

மூன்றாவது, கோணம். வட்ட வடிவப் புள்ளிக்குச் சாய்வுக் கோணம் என்பதே இல்லை. எனினும் நிரல் ஒரு கோணத்தைத் தரும். அகலங்கள் இரண்டையும் இடம்மாற்றிக் கோணத்தை 90 பாகை திருப்பினாலும் அதே பரப்பே கிடைக்கும். கோணங்களைத் தொகுத்துப் பொருள் காண்போர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவது, நீள்வட்டத்தின் பொருள். ஒரு பரிமாணத்தில் ஒரு திட்ட விலக்க எல்லைக்குள் 68.3 விழுக்காடு அடங்கும். இரு பரிமாணத்தில் ஒரு திட்ட விலக்க நீள்வட்டத்துக்குள் அடங்குவது 39.3 விழுக்காடு மட்டுமே. பழகிய எண்ணைப் புதிய பரிமாணத்துக்குக் கொண்டுசென்றால் நம்பகம் மிகையாகிவிடும்.

10. முடிவுரை

காஸ், பிராவே, கால்டன், ஸ்டெட்சன், இல்திஸ் ஆகியோர் எழுதிய பரப்பின் சமன்பாடு ஒன்றே. அவர்கள் கூறிய பொருள் ஒன்றன்று. பிழையின் விதியாயின் அதற்குச் சான்று மீள் அளவீடுகளில் உள்ளது. மக்கள்தொகையின் பரவலாயின் சான்று கூறெடுத்த முறையில் உள்ளது. படிமத்தின் வடிவமாயின் சான்று ஒளியியலில் உள்ளது. மென்பொருளுக்கு இம்மூன்றும் வேறல்ல.

இவ்வரலாற்றில் அறிவு வளர்ந்த இடங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் பொருத்தம் குறைபட்ட இடங்களாகவே உள்ளன. விண்மீனின் விளிம்பு பொருந்தாமையால் மோஃபாட்டின் சார்பு வந்தது. எஞ்சிய வேறுபாடு ஸ்டெட்சனின் அட்டவணையாயிற்று. பிக்சல்களின் சார்புநிலை காண்டனின் பிழைக்கணக்கையும், இரைச்சலின் சமமின்மை மோர்டென்செனின் திருத்தத்தையும் தந்தன. எனவே பொருத்தப்பட்ட காஸியனின் எண்களை முன்வைக்கும் ஆய்வேடு, தேர்ந்த மாதிரி, இட்ட எடைகள், தொடக்க மதிப்புகள், எச்சப் படிமம் ஆகிய நான்கையும் உடன் முன்வைத்தல் வேண்டும். நெறியாளரும் தேர்வாளரும் முதலில் கேட்க வேண்டியது எச்சப் படிமத்தையே. அதில் வளையமோ வாலோ தென்படின், அங்கே ஆய்வாளர் இன்னும் விளக்காத ஒன்று உள்ளது.